அயலுறுப்பும் அகக் காவலும்

கண்ணப்ப நாயனாரின் வரலாற்றை அறியாத தமிழர் இலர். காளத்தி மலையில் இறைவனுடைய திருக்கண்ணிலிருந்து குருதி வழியக் கண்ட அந்த வேடர், பச்சிலைகளைப் பிழிந்தும் பயன் காணாமல், தம் கண்ணையே அம்பினால் அகழ்ந்து அப்பினார், குருதி நின்றது. விநாயகப் பெருமானுக்கு யானைத் தலை பொருந்திய கதையையும் நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். ஒருவர் உறுப்பை மற்றொருவர்க்குப் பொருத்தலாம் என்னும் எண்ணம் மனித குலத்துக்குப் புதியதன்று. புராணத்தில் அது பொருந்திற்று. மனித உடலிலோ நெடுங்காலம் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை, பின்னர் எவ்வாறு பொருந்திற்று, அவ்வாறு பொருந்துவதற்காக மனிதர் கொடுத்த விலை யாது என்பனவே இப்பேச்சில் நாம் காணப்போகும் செய்திகள்.

நம் நாட்டுப் பழைய மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதை, அறுபட்ட மூக்கை மீண்டும் அமைக்கும் முறையைக் கூறுகிறது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கிக்கொண்டு, அவ்வளவே கன்னத்துத் தசையை ஒரு புறம் ஒட்டியிருக்கும்படி சீவி, மூக்கின் மேல் மடித்துப் பொருத்த வேண்டும் என்பது அம்முறை. இவ்வித்தை ஏட்டோடு நின்றுவிடவில்லை. மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானின் வீரரிடம் அகப்பட்டு மூக்கை இழந்தார். பூனா நகர்ப் பக்கத்தில், அத்தொழிலைப் பரம்பரையாக அறிந்த ஒருவர், கவாஸ்ஜியின் நெற்றித் தோலைக் கொண்டே அவருக்குப் புதிய மூக்கு அமைத்துத் தந்தார். ஆங்கில மருத்துவர் இருவர் அதனை அருகிருந்து பார்த்தனர். 1794-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மன்ஸ் மேகசீன்’ இதழில் அச்செய்தி படத்துடன் வெளிவந்து, ஐரோப்பிய மருத்துவரிடையே பெரும் வியப்பை விளைத்தது.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. கன்னத்துத் தசையாயினும் நெற்றித் தோலாயினும், அது நோயாளியின் சொந்தப் பொருள். அடுத்தவர் தோலைப் பயன்படுத்தினால் என்ன? இத்தாலி நாட்டுப் போலோஞா நகரில் வாழ்ந்த தலியகோட்சி என்னும் மருத்துவர், 1597-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலேயே இவ்வினாவை எழுப்பினார். அவரும் மூக்கு அமைப்பதில் வல்லவர். மேற்கைத் தோலைக் கொண்டு அதனைச் செய்து வந்தார். ஒவ்வொரு மனிதனுக்கும் தனக்கே உரிய ஓர் ஆற்றல் உண்டு, ஆகையால் பிறர் தோல் ஒட்டாது என்பது அவர் முடிபு. அவ்வாற்றல் எத்தகையது என்று அவரால் சொல்ல இயலவில்லை. அதன் பின் முந்நூற்றைம்பது ஆண்டுகள் வரையில் வேறு எவராலும் தெளிவாகச் சொல்ல இயலவில்லை.

விடையைத் தேடித் தந்தது இரண்டாம் உலகப் போர். வானிலிருந்து எரிந்து விழுந்த விமானங்களிலும் குண்டு வீழ்ந்த நகரங்களிலும் தோல் வெந்தவர் பலர். அவர்களுடைய சொந்தத் தோல் போதவில்லை. பிறர் தோலோ ஒட்டவில்லை. பீட்டர் மெடவர் என்னும் இளம் உயிரியல் அறிஞர், கிப்சன் என்னும் அறுவை மருத்துவருடன் சேர்ந்து கிளாஸ்கோ மருத்துவமனையில் இதனை ஆராய்ந்தார். தீப்புண்பட்ட இளம்பெண் ஒருத்திக்கு அவள் சகோதரனின் தோலைச் சிறு சிறு துண்டுகளாக வைத்துப் பார்த்தனர். முதலில் அவை ஒட்டிக்கொண்டன, நாளடைவில் உதிர்ந்தன. பதினைந்து நாட்களுக்குப் பின் அதே சகோதரனின் தோலை இரண்டாம் முறை வைத்தபோது, அது முன்னதினும் விரைவாகவே அழிந்தது.

இந்த ‘விரைவாக’ என்னும் சொல்லில்தான் முழு உண்மையும் அடங்கியிருந்தது. அயல் தோல் வெறுமனே வாடி உதிர்வதாயின் இரண்டாம் முறையும் அதே காலம் பிடித்திருக்க வேண்டும். உடல் அதனை நினைவில் வைத்திருந்தது. ஒரு முறை கண்ட பகைவனை மறுமுறை கண்டவுடன் தாக்கிற்று. ஒரு முறை அம்மை கண்டவர்க்கு மறுமுறை அம்மை வராதது எதனாலோ, அதனாலேயே பிறர் தோல் ஒட்டவில்லை. 1943-ஆம் ஆண்டில் இம்முடிபு வெளியாயிற்று. அடுத்த ஆண்டே மெடவர் 25 முயல்களுக்கிடையே 625 தோல் துண்டுகளை மாற்றி வைத்துப் பார்த்து, ஐயமற அதனை நிறுவினார். நோய்க் கிருமியிடமிருந்து நம்மைக் காக்கும் அதே படைதான், நம்மைக் காப்பதற்காக வைக்கப்பட்ட உறுப்பையும் அழிக்கிறது. அப்படைக்கு நண்பன், பகைவன் என்ற பாகுபாடு தெரியாது. ‘நான்’, ‘நானல்லாதது’ என்ற பாகுபாடு மட்டுமே தெரியும்.

அப்படியாயின், ‘நான்’ என்று உடலை நம்பவைக்கக்கூடிய மற்றொருவர் உண்டா? ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் உண்டு. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரி என்னும் அறுவை மருத்துவர், இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவர்க்குப் பொருத்தினார். அவர்கள் உண்மையிலேயே ஒரு கருவினர்தாமா என்று அறியக் காவல் நிலையத்தில் கைரேகை எடுத்தனர். முன்கூட்டியே ஒருவர் தோலை மற்றவர்க்கு ஒட்டியும் பார்த்தனர். சிறுநீரகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நோயாளி எட்டாண்டு உயிர் வாழ்ந்தார். மருத்துவமனையில் தமக்குப் பணிவிடை செய்த செவிலியையே மணந்து இரு பெண் மக்களுக்குத் தந்தையுமானார்.

எல்லார்க்கும் இரட்டையர் இருப்பதில்லை அல்லவா? ஆகவே மர்ரியும் அவர் தோழரும் படையையே அழித்துவிட எண்ணினர். நோயாளியின் உடல் முழுவதிலும் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினால், எலும்புச் சோற்றில் பிறக்கும் வெள்ளணுக்கள் மடியும். பிறகு அயல் உறுப்பை எதிர்ப்பார் இரார். கருத்து நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டைக் காவலர் எல்லாரையும் வெளியேற்றிய பின், வாயிலில் காத்திருந்த சாதாரணக் கிருமிகள் உள்ளே புகுந்தன. பாஸ்டனில் இவ்வாறு சிகிச்சை பெற்ற பன்னிருவரில் நெடுநாள் வாழ்ந்தவர் ஒருவரே. அயல் உறுப்பை ஏற்கச் செய்வது எளிது, ஏற்றவரை உயிரோடு வைத்திருப்பதே அரிது என்பது அக்காலத்து மருத்துவர்க்கு மிகுந்த துயரத்தோடு விளங்கிற்று.

இந்நிலையில் உதவிக்கு வந்த மருந்து, இப்பணிக்காகப் படைக்கப்பட்டதே அன்று. நியூயார்க் அருகில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவரும் கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையாரும் பணியாற்றி வந்தனர். எலியன் அம்மையார் பாட்டனார் புற்றுநோயால் இறக்கக் கண்டு வேதியியல் பயின்றவர். பெண் என்பதனாலேயே பல ஆய்வுக்கூடங்களில் இடம் மறுக்கப்பட்டவர். டாக்டர் பட்டத்தைப் படித்து முடிக்கவும் வாய்ப்புப் பெறாதவர். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அதன் கருவிலுள்ள மரபுப் பொருளை முதலில் இரட்டிக்க வேண்டும். அதற்கு ‘ப்யூரின்’ என்னும் செங்கற்கள் தேவை. அச்செங்கல்லைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு போலிச் செங்கல்லைக் கொடுத்தால் என்ன என்று இவ்விருவரும் சிந்தித்தனர். கொத்தன் அதனை எடுத்து வைப்பான், சுவர் எழும்பாது. அவ்வாறு 1951-ஆம் ஆண்டில் பிறந்ததுதான் ‘மெர்காப்டோப்யூரின்’. இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்கு அது கொடுக்கப்பட்டு, அவர்கள் வாழ்நாளை ஓரளவு நீட்டித்தது.

அதே பாஸ்டன் நகரில் ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர், தம் ஆசிரியர் டேமஷெக் என்பவருடன் வேறொரு வகையில் சிந்தித்தார். அயல் பொருளைக் கண்ட வெள்ளணு பல்கிப் பெருகும்போது, இரத்தப் புற்றுநோயின் அணுக்களைப் போலவே காட்சி தருகிறது. எனவே அதனைத் தடுக்கும் மருந்து இதனையும் தடுக்கலாம் அன்றோ? 1959-ஆம் ஆண்டில் முயல்களிடத்துச் சோதித்தார். மருந்து பெற்ற முயல்கள், தமக்குள் செலுத்தப்பட்ட அயல் புரதத்தை எதிர்க்கவில்லை. ஏனைய அணுக்களைவிட, போருக்கு எழுந்து விரைந்து பெருகும் அணுக்களே போலிச் செங்கல்லுக்கு மிகுதியாக இரையாயின.

இக்கட்டுரையைக் கண்டவருள் ஒருவர் ராய் கான் என்னும் ஆங்கில இளைஞர். மாணவராக இருந்த காலத்தில், தம் வயதையொத்த சிறுநீரக நோயாளி ஒருவர் இருவாரத்தில் இறந்துவிடுவார் என்று கேட்டு, வேறு சிறுநீரகம் பொருத்தினால் என்ன என்று கேட்டவர் இவர். முடியாது என்ற ஒரு சொல்லே அன்று விடையாகக் கிடைத்தது. கான், நாய்களுக்குச் சிறுநீரகம் மாற்றி இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. பின்னர் பாஸ்டனுக்குச் சென்று மர்ரியுடன் சேர்ந்து, எலியன் அம்மையாரின் கூடத்திலிருந்து வந்த மற்றொரு மருந்தைச் சோதித்தார். ‘அசாதயோப்ரின்’ எனப்படும் அது, உடலுக்குள் சென்ற பின்னரே பழைய மருந்தாக மாறும் தன்மையது, முன்னதினும் தாங்கத்தக்கது. ‘லாலிபாப்’ என்று செல்லப் பெயர் கொண்ட ஒரு நாய், அயல் சிறுநீரகத்தோடு மாதக்கணக்கில் ஓடியாடித் திரிந்தது. 1962 ஏப்ரலில் இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை மர்ரி ஒரு நோயாளிக்குப் பொருத்தி இம்மருந்தைக் கொடுத்தார். அவர் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். உறவினர் அல்லாதார் உறுப்பு மனித உடலில் அத்தனை காலம் உழைத்தது அதுவே முதன்முறை.

ஒரு மருந்து மட்டும் போதவில்லை. 1948-இல் மூட்டு வாதத்துக்குக் கொடுக்கப்பட்டுப் புகழ் பெற்ற கார்ட்டிசோன் இனத்தைச் சேர்ந்த ‘ப்ரெட்னிசோன்’ என்னும் மருந்தை, டென்வர் நகரத்துத் தாமஸ் ஸ்டார்சல் 1963-இல் இதனோடு சேர்த்தார். இது உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, அழற்சிக்குரிய ஆணைகள் பலவற்றை ஒரே நேரத்தில் வாயடைக்கச் செய்வது. உடல் உறுப்பைத் தள்ளத் தொடங்கிய பின்னும், இம்மருந்தை மிகுதியாகக் கொடுத்து அப்போரை நிறுத்தலாம் என்று ஸ்டார்சல் காட்டினார். ஆனால் முகம் வட்டமாக வீங்குவதும், எலும்பு நொய்ந்து போவதும், நீரிழிவு தோன்றுவதும் இதனால் நேர்ந்தன. இவ்விரு மருந்தும் துணைநின்ற காலத்தில், இறந்தோரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் ஏறத்தாழப் பாதியே ஓராண்டு கடந்து உழைத்தன.

நம் நாடும் இம்முயற்சியில் பின்தங்கிவிடவில்லை. 1965-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் முயற்சி நடைபெற்றது. நோயாளி சில நாட்களிலேயே இறந்துபட்டார். 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அது வெற்றி பெற்றது. அன்று தொடங்கி இன்று வரை, கல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் காட்பாடி நிலையத்தில் வந்திறங்கும் நோயாளர் கூட்டம் குறைந்தபாடில்லை. வங்காளத்தில் வாழும் நம்மவரிடம் ‘ஊர் எது?’ என்று கேட்கும் அண்டை வீட்டார், ‘வேலூருக்கு அருகிலா?’ என்று அடுத்துக் கேட்பதன் காரணம் இதுவே.

இனி மண்ணுக்கு வருவோம். பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பூஞ்சணத்திலும் மண்ணுயிரிலும் கிடைத்த நாள் முதல், மருந்துக் கம்பெனிகள் உலகெங்கும் மண் திரட்டின. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்துச் சான்டோஸ் கம்பெனியார், விடுமுறைக்குச் செல்லும் ஊழியர்களிடமெல்லாம் சிறு பைகளைக் கொடுத்தனுப்புவது வழக்கம். அவ்வாறு 1969-இல் நார்வே நாட்டு ஹார்டங்கர் பீடபூமியிலிருந்து வந்த மண்ணில் ஒரு பூஞ்சணம் இருந்தது. கிருமிக்கொல்லியாக அது பயனற்றது என்றே முடிவாயிற்று. எனினும் எல்லாப் பொருளையும் பலவகைச் சோதனைகளுக்கும் உட்படுத்தும் வழக்கம் அங்கு இருந்தமையால், 1972-இல் அதன் மறுமுகம் தெரிந்தது. வெள்ளணுக்களைக் கொல்லாமலேயே அவற்றை வாளாவிருக்கச் செய்தது அது. ‘சைக்ளோஸ்போரின்’ என்று பெயர் பெற்ற இம்மருந்தைக் கண்டறிந்த பெருமை ஸ்டேஹலினுக்கா, போரலுக்கா என்ற வழக்கு, இருவர்க்குமிடையே நெடுநாள் நீடித்தது. அதனுள் நாம் புக வேண்டுவதில்லை. மருந்து குடலில் சேரவில்லை என்ற சிக்கல் எழுந்தபோது, போரல் அதனை மதுசாரத்தில் கரைத்துத் தாமே குடித்து, தம் குருதியில் அது சேர்ந்ததைக் காட்டினார் என்பது மட்டும் குறிப்பிடத்தக்கது. கேம்பிரிட்ஜில் கான் குழுவினர் ஆலிவ் எண்ணெயில் அதனைக் கரைத்து விலங்குகளுக்குக் கொடுத்தனர். 1978-இல் மனிதர்க்குக் கொடுத்தனர். அமெரிக்க அரசின் இசைவு 1983-இல் கிடைத்தது. ஓராண்டு கடந்து உழைத்த சிறுநீரகங்கள் பாதியிலிருந்து ஐந்தில் நான்கு பங்காக உயர்ந்தன. கல்லீரல், இருதய மாற்றுச் சிகிச்சைகளும் ஊக்கம் பெற்றன.

இம்மருந்தின் நுட்பம் 1991-இல்தான் முழுமையாக விளங்கிற்று. ‘டி’ அணு எனப்படும் வெள்ளணு அயல் உறுப்பைத் தொட்டதும், அதனுள் கால்சியம் பெருகும். அக்கால்சியம் ‘கால்சிநியூரின்’ என்னும் ஒரு நொதியை எழுப்பும். எழுந்த நொதி, உறங்கிக் கிடக்கும் ஒரு தூதனின் தளையை நீக்கி அணுவின் கருவுக்குள் அனுப்பும். அங்கு அத்தூதன், ‘படை திரள்க’ என்னும் ஓலையை எழுதுவிப்பான். ‘இன்டர்லூக்கின் இரண்டு’ என்பது அவ்வோலையின் பெயர். சைக்ளோஸ்போரின், அணுவினுள் இருக்கும் ஒரு புரதத்தைத் துணைக்கொண்டு கால்சிநியூரினின் கையைப் பற்றிக்கொள்கிறது. தளை நீங்குவதில்லை, ஓலை எழுதப்படுவதில்லை. எக்ஸ் கதிர் வீரர்களைக் கொன்றது. அசாதயோப்ரின் அவர்கள் பெருகாதபடி தடுத்தது. இதுவோ ஆணை பிறக்கும் இடத்திலேயே நின்று மறித்தது. 1984-இல் ஜப்பானின் த்சுகுபா மலையடி மண்ணில் கிடைத்த ‘டாக்ரோலிமஸ்’ என்னும் மருந்தும், வேறொரு புரதத்தைத் துணைக்கொண்டு அதே நொதியைத்தான் பற்றுகிறது. ஆனால் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்கிறது. ஆயினும் சிறுநீரகத்தைக் காக்க வந்த இவ்விரு மருந்தும் அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தையே கெடுப்பவை. ஆகையால் குருதியில் அவற்றின் அளவை அடிக்கடி பார்த்தாக வேண்டும்.

இம்மருந்தின் வரவால் நம் நாட்டில் நேர்ந்த ஒரு தீங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் தாயோ தந்தையோ உடன்பிறந்தாரோ கொடுத்தாலன்றிச் சிறுநீரகம் நிலைக்காது. ஆகவே பணம் கொடுத்து வாங்குவதில் பயனில்லை. சைக்ளோஸ்போரின் வந்த பின் யாருடைய உறுப்பும் ஓரளவு பொருந்திற்று. பொருந்தக்கூடியது எதுவோ அது விலைப்பொருளாயிற்று. 1980-களில் பம்பாய்க்கும் சென்னைக்கும் வெளிநாட்டுச் செல்வர் வந்தனர். சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்னும் பழிப்பெயர் உண்டாயிற்று. 1994-இல் நாடாளுமன்றம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றிற்று. மூளைச் சாவை மரணம் என்று ஏற்றதும் அச்சட்டமே. சிறுநீரகத்தை விற்ற 305 பேரைச் சென்னையில் கண்டு விசாரித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். விற்ற பின்னர் அவர்கள் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஏறத்தாழ நால்வரில் மூவர் அப்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். மூளைச் சாவுற்றோரிடமிருந்து உறுப்புப் பெறுவதைத் தமிழக அரசு 2008-இல் ஆணைகள் பிறப்பித்து ஒழுங்குபடுத்திய பின், நேரிய வழி ஒன்று அகலத் திறந்தது. மருந்தின் வரலாற்றை எழுதுவோர் நோபல் பரிசுகளை மறவாமல் குறிக்கின்றனர். அந்த 305 பேரும் அதே வரலாற்றின் பகுதியே என்பது நம் கருத்து.

மூன்றாவது மண், மனிதர் வாழும் இடங்களுள் மிகவும் தனித்துக் கிடக்கும் ஒன்றிலிருந்து வந்தது. பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவை அதன் மக்கள் ‘ராப்பா நூயி’ என்பர். அங்கு விமான நிலையம் அமையப்போகிறது என்றறிந்த கனடா நாட்டு அறிஞர் குழு ஒன்று, வெளியுலகம் வந்து சேருமுன் அம்மக்களை ஆராய 1964 நவம்பரில் கப்பலேறிச் சென்றது. குழுவிலிருந்த நோக்ராடி என்னும் கிருமியியல் அறிஞர், குதிரைகள் நிறைந்த அத்தீவில் வெறுங்காலோடு நடக்கும் மக்களுக்கு இசிவு நோய் வராதது கண்டு வியந்து, தீவை 67 பகுதிகளாகப் பிரித்து மண் எடுத்து வந்தார். அம்மண் மான்ட்ரீல் நகரத்து ஏயர்ஸ்ட் கம்பெனியை அடைந்தது. அங்கு அதனைப் பெற்றவருள் ஒருவர் நம் நாட்டவராகிய சுரேந்திரநாத் சேகல்.

சேகல் 1932-இல், இன்று பாகிஸ்தானிலுள்ள பஞ்சாபின் குஷ்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையின்போது ஊரை இழந்த குடும்பம் அவருடையது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயின்று, இங்கிலாந்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1959-இல் மான்ட்ரீலில் வேலையில் அமர்ந்தார். தீவின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று பூஞ்சணங்களை அழிக்கும் ஒரு பொருளைச் சுரப்பதை, அவரும் அவர் தோழரும் 1970-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்து, தீவின் பெயராலேயே ‘ராப்பாமைசின்’ என்று வழங்கினர். பூஞ்சண மருந்தாகும் என்று எதிர்பார்த்தனர். அதுவோ காவற்படையையும் அடக்குவதாகத் தெரிந்தது. குறை என்று கம்பெனி கருதியது. சேகலோ அதனை விடவில்லை. புற்றுக் கட்டிகளையும் அது தடுக்கிறது என்று கண்டார்.

1980-களின் தொடக்கத்தில் மான்ட்ரீல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. ஊழியர் பலர் வேலையிழந்தனர். எஞ்சியவர் அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டனர். கைவிடப்பட்ட பொருள்களை அழித்துவிடுவது வழக்கம். சேகல் கடைசி முறையாக ராப்பாமைசினைத் தயாரித்து, சிறு குப்பிகளில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், குளிர்ப்பெட்டியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்தார். ‘உண்ணற்க’ என்று மேலே எழுதி ஒட்டினார். வீட்டோடு குளிர்ப்பெட்டியும் அமெரிக்காவுக்குப் போயிற்று. பல ஆண்டு அப்பொருளைக் கேட்பார் இல்லை. கம்பெனி வேறொரு கம்பெனியோடு இணைந்து தலைமை மாறியதும், 1988-இல் சேகல் மீண்டும் கதவைத் தட்டினார். இம்முறை கதவு திறந்தது. 1999-இல் சிறுநீரக மாற்றுக்குரிய மருந்தாக அதற்கு அமெரிக்க இசைவு கிடைத்தது. ‘சிரோலிமஸ்’ என்பது அதன் மருந்துப் பெயர்.

இதன் வேலை முன்னவற்றினும் வேறானது. டாக்ரோலிமஸ் பற்றும் அதே துணைப் புரதத்தையே இதுவும் பற்றுகிறது. ஆயினும் கால்சிநியூரினைத் தொடுவதில்லை. ஓலை எழுதப்படுகிறது, வந்தும் சேர்கிறது. பெற்ற அணுதான் அதன்படி பெருகுவதில்லை. ‘வளர்க’ என்ற கட்டளையை நிறைவேற்றும் ஒரு நொதியை இம்மருந்து தடுப்பதே காரணம். அந்நொதிக்கு அதுவரை பெயரே இல்லாமையால், ‘ராப்பாமைசினின் இலக்கு’ என்றே ஆங்கிலத்தில் பெயரிட்டு, அதன் முதலெழுத்துகளைக் கூட்டி ‘டார்’ என்றனர். ஈஸ்டில் தொடங்கி மனிதன் வரை எல்லா உயிரணுக்களிலும் வளர்ச்சியை ஆள்வது அந்நொதி என்று பின்னர் தெரிந்தது. ஒரு மருந்தைத் தேடப்போய், உயிர் வளரும் முறையையே கண்டுகொண்டனர் எனலாம். இருதயக் குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் சிலவற்றின் மேலும் இப்பொருளைப் பூசுகின்றனர். குழாயின் சுவர் உள்ளே வளர்ந்து மீண்டும் அடைக்காதபடி அது தடுக்கிறது.

உறுப்பு மாற்றுப் பெற்றவர், ஒரே மருந்தை மிகுதியாக உண்பதைவிட, வழி வெவ்வேறான இரண்டு மூன்றைக் குறைந்த அளவில் உண்பதே இன்றைய முறை. அதுவும் உறுப்பு உள்ள நாள் வரை. நம் நாட்டில் பலரது நுரையீரலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி, காவல் தளர்ந்ததும் விழித்துக்கொள்வதுண்டு. இருமலும் மாலைக் காய்ச்சலும் அவர்களிடத்து அலட்சியத்துக்குரியன அல்ல. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் அவர்களுக்கு ஆகா. பம்பளிமாசும் அதன் இனமாகிய கிரேப் பழமும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், சிரோலிமஸ் ஆகியவற்றைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, குருதியில் மருந்தை அளவுக்கு மிஞ்ச ஏற்றிவிடும். ஊரிலிருந்து அன்போடு வரும் கூடையில் பம்பளிமாசு இருந்தால், அவர்கள் அதனைப் பிறர்க்குக் கொடுத்துவிடுவதே நலம். இதே தத்துவத்தை நம் மருத்துவர் சிக்கனத்துக்கும் பயன்படுத்தினர்: அந்நொதியைத் தடுக்கும் மலிவான மருந்து ஒன்றை உடன் கொடுத்து, விலையுயர்ந்த சைக்ளோஸ்போரினின் அளவைக் குறைத்தனர். ஏழை நோயாளர் பலர் அவ்வழியால் மருந்தை நிறுத்தாமல் தொடர முடிந்தது.

காவல் தளர்ந்த உடலில் புற்றுநோயும் எளிதில் தோன்றுகிறது. ஆகவே காவற்படையின் வேலை கிருமியோடு முடிவதில்லை. 1891-இலேயே நியூயார்க்கில் கோலி என்னும் அறுவை மருத்துவர், புற்றுக் கட்டியில் கிருமிகளைச் செலுத்திப் படையைத் தட்டி எழுப்ப முயன்றார். 1976-இல் காசநோய்க்குரிய பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப் பையினுள் செலுத்தி அங்குள்ள புற்றை அடக்கலாம் என்று தெரிந்தது. இன்றும் அது வழக்கில் உள்ளது. படையின் வேகத்தைத் தடுக்கும் கடிவாளங்களை அவிழ்த்துவிடும் மருந்துகளுக்கு அடிகோலிய ஆலிசன், ஹோஞ்சோ இருவர்க்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒருவர்க்குப் புற்றுநோய் வந்தால், அவர்க்கு அம்மருந்தைக் கொடுப்பதா என்பது பெருஞ் சங்கடம். எழுப்பப்பட்ட படை, புற்றைத் தாக்கும் அதே வேகத்தில் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும்.

சேகலுக்கே 1998-இல் புற்றுநோய் கண்டது. தாம் காத்து வைத்த ராப்பாமைசினைத் தாமே உண்டுவந்தார். 2003 ஜனவரியில் காலமானார். மண் எடுத்த தீவில், ரானோ காவு எரிமலைக்கு அருகில், ராப்பாமைசின் கிடைத்த செய்தியைப் பொறித்து ஒரு பலகை நாட்டியிருக்கிறார்கள். அத்தீவினர் பேசுவது ராப்பா நூயி மொழியும் ஸ்பானிய மொழியும். பலகையிலிருப்பது பிரேசில் நாட்டுப் போர்த்துக்கேயம்.